குழந்தைகள் இல்லத்துக்கு அரசு மானியம்: டெண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், தலைக்கணக்கைச் சரியாக வையுங்கள்

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டில் பதிவு செய்த ஓர் அறக்கட்டளை சில ஆண்டுகளாக மாலை நேரப் படிப்பகம் நடத்தி வருகிறது. இப்போது 50 குழந்தைகள் தங்கும் இல்லம் தொடங்கி, அரசுப் பணத்தில் நடத்த நினைக்கிறார்கள். 'டெண்டர் எப்போது வரும், ஒப்பந்த விதிகள் என்னென்ன, எங்கே தவறுவோம்?' என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலில் டெண்டர். அரசு இல்லங்களுக்கு அரிசி, துணி, பாய் வாங்குவதற்கு டெண்டர் உண்டு. அது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் நடக்கும். தொண்டு நிறுவனம் இல்லம் நடத்த அரசு தரும் பணம் அந்த வகையில் சேராது. அது மானியம். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்ற பேச்சே இங்கே கிடையாது. லாபம் என்ற வரியும் கிடையாது. செலவழித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். மிஞ்சியதைத் திருப்ப வேண்டும். வணிக ஒப்பந்தம் போல நினைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் முதல் தணிக்கையிலேயே மாட்டிக்கொள்வது இதனால்தான்.

மானியம் வாங்கி இல்லம் நடத்துகிறவர் மூன்று வேறு வேறு கயிறுகளில் கட்டப்பட்டிருக்கிறார். ஒன்று, இளைஞர் நீதிச் சட்டம் 2015: இல்லம் நடத்தவே அனுமதி தருவது இதுதான். இரண்டு, மிஷன் வத்சல்யா திட்டம்: எவ்வளவு பணம், எந்தப் பணியிடத்துக்கு என்பதைச் சொல்வது. மூன்று, பொது நிதி விதிகள் 2017: பணத்தை எப்படிச் செலவழிப்பது, எப்படிக் கணக்குக் கொடுப்பது என்பது. மூன்றையும் பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். குழந்தைகள் நலக்குழு (எந்தக் குழந்தை எந்த இல்லத்தில் தங்கலாம் என்று ஆணையிடும் குழு) பார்க்கும் கோப்பை ஆடிட்டர் பார்ப்பதில்லை. ஆடிட்டர் பார்ப்பதை ஆய்வுக் குழு பார்ப்பதில்லை. ஆனால் மூன்றிலும் ஓர் எண் பொதுவாக வரும்: இன்று இரவு இந்தக் கூரையின் கீழ் எத்தனை குழந்தைகள் தூங்குகிறார்கள் என்பது. அந்த எண் ஒரு பதிவேட்டில் 47, இன்னொன்றில் 50, மிஷன் வத்சல்யா இணையதளத்தில் 44 என்று இருந்தால், நல்ல இல்லம்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பதிவிலிருந்து தொடங்குவோம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தங்கவைக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்தாக வேண்டும். அரசுப் பணம் வாங்குகிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. 'நாங்கள் மானியம் கேட்கும்போது பதிவு செய்துகொள்கிறோம், அதுவரை நன்கொடையில் நடத்துகிறோம்' என்று நினைத்தால் அது குற்றம். 42ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிக்காமல் கடக்கும் ஒவ்வொரு 30 நாளும் தனிக்குற்றமாகக் கணக்காகும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007இல் வந்த பத்திரிகைக் கட்டுரையிலிருந்து எழுந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. நாட்டிலுள்ள எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்றது. இன்று அதிகாரிகள் பதிவில் காட்டும் கெடுபிடிக்கு வேர் அங்கே இருக்கிறது.

விண்ணப்பம் இந்தச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள் 2016இல் படிவம் 27, சான்றிதழ் படிவம் 28. தமிழ்நாடு தனக்கென 2017இல் விதிகள் இயற்றியிருக்கிறது. எனவே படிவத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே கேட்டு வாங்குங்கள். துறையின் பெயர் இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. பழைய கோப்புகளில் சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. படிவத்தோடு அறக்கட்டளைப் பத்திரம், நிர்வாகிகள் பட்டியல், முந்தைய 3 ஆண்டு இருப்புநிலைக் குறிப்பு, இதுவரை செய்த சமூகப் பணியின் விவரம் ஆகியவை வேண்டும். குற்றத் தண்டனையோ குழந்தைகள் மீதான வன்முறையில் தொடர்போ இல்லை, அரசின் கறுப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். கட்டடத்துக்கு நான்கு தாள்கள் வழக்கமாகக் கேட்கப்படும்: வட்டாட்சியரின் கட்டட உரிமம், உறுதித்தன்மைச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. இந்த நான்கும் ஒரே தேதியில் காலாவதி ஆவதில்லை. அதனால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று புதுப்பிக்க வேண்டிய நிலையிலேயே இருக்கும். சுவரில் ஒரு தாளில் நான்கு தேதிகளையும் எழுதி ஒட்டி வைப்பது அற்பமாகத் தோன்றலாம். ஆய்வில் முதலில் சிக்குவது காலாவதியான தீயணைப்புச் சான்றுதான்.

விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகையை வாங்காமல் வராதீர்கள். ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு தரப்பட வேண்டும். தராவிட்டால், சட்டத்தின்படி அந்த ஒப்புகையே அதிகபட்சம் 6 மாதத்துக்குத் தற்காலிகப் பதிவாகக் கருதப்படும். 'மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், டேபிளில் வைத்துவிட்டுப் போங்கள்' என்பதைக் கேட்டு வைத்துவிட்டு வந்தால், இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. முழுப்பதிவு 5 ஆண்டுக்கு. 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, எத்தனை பேர் தங்கலாம், இல்லத்தின் நோக்கம் என்ன என்பவற்றை மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையைப் பார்த்த பிறகே அரசு முடிவு செய்யும். ஆக, ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு சுற்று உண்டு. அதற்கும் நாள் ஒதுக்குங்கள். புதுப்பித்தலுக்குச் சான்று முடிய 6 மாதம் இருக்கும்போதே கோப்பை நகர்த்துவது நல்லது, ஏனென்றால் பதிவு அறுந்த நாளிலிருந்து மானியமும் அறும்.

இன்னொரு குழப்பம்: 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வாங்கிய உரிமம் கையில் இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. விடுதி உரிமம் 41ஆவது பிரிவுப் பதிவுக்கு மாற்று இல்லை.

இடவசதிக்கு மாதிரி விதிகள் 50 குழந்தைகள் கொண்ட இல்லத்தை அளவுகோலாக வைத்துப் பேசுகின்றன. 25 பேருக்கு 1,000 சதுர அடி வீதம் இரண்டு படுக்கைக் கூடங்கள், அதாவது ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி. சமையலறை 250, உணவுக்கூடம் 800. 7 குழந்தைக்கு ஒரு கழிப்பறை, 10 குழந்தைக்கு ஒரு குளியலறை. ஆக 50 பேருக்கு எட்டும் ஐந்தும். வாடகைக் கட்டடத்தில் தொடங்குகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் கழிப்பறை எண்ணிக்கையில். கல்யாண மண்டபத்தையோ பழைய பள்ளியையோ எடுத்தால் கூடங்கள் தாராளமாக இருக்கும். கழிப்பறை மூன்றுதான் இருக்கும், அதுவும் கட்டடத்துக்கு வெளியே, விளக்கில்லாமல். அப்போது 50 கேட்ட உங்களுக்கு 20தான் கிடைக்கும். திட்டமோ 50 பேருக்கு ஒரு அலகு என்று வகுத்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பதிவு கிடைத்துவிட்டால் மானியமும் உறுதி என்று நினைக்க வேண்டாம். பதிவு கடமையைத் தருகிறது. பணத்துக்கு உரிமை தருவதில்லை. 41(8)இன்படி, பதிவான இல்லம் மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இடம் இருக்கும் வரை குழந்தைகள் நலக்குழு அனுப்பும் குழந்தையை ஏற்றே ஆக வேண்டும். 'இந்தப் பிள்ளை ஓடிப்போகிற பிள்ளை, வேண்டாம்' என்றோ 'எங்கள் மதத்துப் பிள்ளைகளை மட்டும் எடுப்போம்' என்றோ சொல்ல முடியாது. அறக்கட்டளைக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசி முடிவெடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். எந்தப் பிள்ளை வரும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்காது.

இதன் மறுபக்கம்தான் மிகப் பெரிய கண்ணி. ஊரில் நல்ல பெயர் எடுத்த இல்லத்துக்குப் பெற்றோரே நேராக வருவார்கள். தாய் ஒருவர் ஜூன் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, 'ஐயா, திருப்பூருக்கு வேலைக்குப் போறேன், பிள்ளையைப் பார்த்துக்கங்க' என்பார். இரக்கப்பட்டுச் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நலக்குழு முன் நிறுத்த வேண்டும். குழு எழுத்தில் ஆணை தர வேண்டும். ஆணை இல்லாத குழந்தை சட்டத்தின் கண்ணில் இல்லத்தில் இல்லவே இல்லை. அந்தக் குழந்தைக்கு மானியம் கோரினால் முறைகேடு. கோராமல் வைத்திருந்தால் அனுமதியின்றி வைத்திருந்த குற்றம். அந்தத் தாய்க்கு உண்மையில் உதவ வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: மிஷன் வத்சல்யாவிலேயே குழந்தையைக் குடும்பத்தில் வைத்துக்கொள்ள மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நலக்குழுவிடமோ மாவட்ட அலகிடமோ அவரை அழைத்துச் செல்லுங்கள். இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. திட்டமும் அந்தப் பக்கமே சாய்கிறது. 50 படுக்கையை எப்போதும் நிரப்பி வைத்திருப்பதைச் சாதனையாகச் சொல்லும் இல்லத்தை இன்றைய அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அது சரியான சந்தேகமும்கூட.

இனிப் பணம். மிஷன் வத்சல்யா மத்திய அரசும் மாநிலமும் 60:40 பங்கில் தரும் திட்டம். முன்பு ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று இருந்ததன் தொடர்ச்சி. புதிய வழிகாட்டு நெறிமுறை 2022 ஜூலையில் வந்தது. குழந்தை ஒன்றுக்குப் பராமரிப்புச் செலவு மாதம் 3,000 ரூபாய். முன்பு 2,160 ஆக இருந்தது. பணியாளர் ஊதியம் இதில் சேராது, அது தனித் தலைப்பு. ஒரு தலைப்பில் மிஞ்சியதை எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது. சமையல்காரர் இடம் 4 மாதம் காலியாக இருந்தது, அந்தச் சம்பளத்தில் மிக்ஸி வாங்கினோம் என்றால், மிக்ஸி கண்முன்னே இருந்தாலும் அந்தத் தொகை திருப்பத்தக்கதே.

உங்கள் முன்மொழிவு மாவட்ட அலகுக்குப் போய், அங்கிருந்து மாநிலத்துக்குப் போய், மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்து, டெல்லியில் திட்ட ஒப்புதல் குழுவின் முன் போகும். ஆண்டுத் திட்டத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அந்த ஆண்டு முடிந்தது. தொண்டு நிறுவனங்களைப் பதியும் மத்திய அரசின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பதிவெண்ணும், அரசுப் பணம் போவதைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் வங்கிக் கணக்குப் பதிவும் இல்லாமல் பணம் நகராது. தர்ப்பணில் இருக்கும் அறக்கட்டளைப் பெயர், பான் அட்டைப் பெயர், வங்கிப் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 'டிரஸ்ட்' என்ற சொல் ஒன்றில் விட்டுப்போனதால் நின்ற கோப்புகள் உண்டு. ஒப்புதல் வந்தாலும் பணம் மாதாமாதம் முதல் தேதியில் வராது. குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஓராண்டு, உங்கள் கைப்பணத்தில் அரிசியும் சம்பளமும் போட முடியுமா? முடியாது என்றால் இல்லம் தொடங்காதீர்கள். மானியம் தாமதமானதற்காகக் குழந்தையின் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாதல்லவா.

பணம் விடுவிக்கும் முன் பத்திரம் எழுதி வாங்குவார்கள். பொது நிதி விதி 231இன்படி, நிர்வாகக் குழு உறுப்பினர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்க வேண்டும்: மானிய நிபந்தனைகளை மீற மாட்டோம், பணத்தை வேறு செலவுக்கு மடைமாற்ற மாட்டோம், வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்க மாட்டோம் என்று. மீறினால் முழுத்தொகையோ பகுதியோ, ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும். 'தனித்தனியாகவும்' என்ற சொல்லை அறங்காவலர் ஒவ்வொருவருக்கும் விளக்குங்கள். பெயருக்கு அறங்காவலராக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடமே முழுத்தொகையையும் அரசு கேட்கலாம். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வேலையை இன்னொருவரிடம் விடக் கூடாது என்பதையும் கவனியுங்கள். பெயர் உங்களுடையது, நடத்துவது வேறு ஆள் என்ற ஏற்பாடு இங்கே செல்லாது.

மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதில் சேரும் வட்டி உங்களுடையது இல்லை. கணக்கு முடித்ததும் அரசுக்குத் திருப்ப வேண்டும். ஆண்டு வட்டி 1,870 ரூபாய் என்றாலும் இதுதான் விதி, இதை மறந்ததற்குத் தணிக்கை அறிக்கையில் ஆட்சேபப் பத்தி வருவது சர்வசாதாரணம். அதே வேலைக்கு வேறு துறையிடமிருந்து பணம் வாங்கவில்லை என்று எழுதிக்கொடுக்கவும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பணம் டெல்லி முதன்மைக் கிளை ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் இறங்கும். உள்நாட்டுப் பணத்தோடு கலக்கவே கூடாது. மானியக் கணக்கில் காட்டிய அதே 30 குழந்தைகளை, அதே சாப்பாட்டுச் செலவுக்கு, ஜெர்மனியிலுள்ள நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையிலும் காட்டினால் இரட்டைக் கணக்கு. 3,000 ரூபாய் போதவில்லை என்பது உண்மைதான். நாளுக்கு 100 ரூபாயில் மூன்று வேளைச் சாப்பாடு, உடை, சோப்பு எல்லாம் அடங்குவது கடினம். அப்படியானால், மானியம் எதுவரை, நன்கொடை எதிலிருந்து என்று செலவைப் பிரித்து, வவுச்சரிலேயே 'மானியம்', 'நன்கொடை' என்று ரப்பர் முத்திரை குத்துங்கள். ஆண்டுக் கடைசியில் பிரிக்க உட்கார்ந்தால் முடியாது.

இப்போது முன்பு சொன்ன தலைக்கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இல்லங்கள் விழுவது இங்கேதான். ஜூன் மாதம் 30 நாள். முதல் தேதி 47 குழந்தைகள். 12ஆம் தேதி இரண்டு பேர் வந்தார்கள். 20ஆம் தேதி ஒரு குழந்தை, அன்றையப் பொழுதைக் கழித்துவிட்டு, குடும்பத்தோடு சேர்ந்தது. கணக்கு: 47 பேர் 30 நாள் 1,410, புதியவர்கள் இருவருக்கும் 19 நாள் வீதம் 38 கூட்ட வேண்டும், போன குழந்தைக்கு 10 நாள் கழிக்க வேண்டும். 1,438 குழந்தை நாட்கள். விதிகளின் உணவு அளவில் தானியம் ஒருவருக்கு நாளுக்கு 600 கிராம் (16 முதல் 18 வயதுக்கு 700), பருப்பு 120 கிராம், எண்ணெய் 25 கிராம். பெரிய பிள்ளைகள் இல்லை என்று வைத்தால், தானியம் 862.8 கிலோ, பருப்பு சுமார் 172.5 கிலோ, எண்ணெய் 36 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதுதான் உச்சம்.

இருப்புப் பதிவேட்டைத் திறந்தால் தானியம் 900 கிலோ, பருப்பு 180 கிலோ வழங்கியதாக இருக்கும். 50 பெருக்கல் 30 பெருக்கல் 0.6. அதாவது கணக்கர் தினமும் எடை போட்டு எழுதவில்லை. மாதக் கடைசியில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை வைத்து ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறார். தணிக்கையாளருக்கு இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கும் மேலே ஒன்று: பள்ளி நாளில் பிள்ளைகள் மதியம் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறார்கள், அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகும் சின்னவர்களுக்கு 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் உண்டு. அப்படியிருக்க, திங்கள்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே அளவு அரிசி செலவானதாக எழுதியிருந்தால், அந்தப் பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையில் ஞாயிறு 26 கிலோ, திங்கள் 17 கிலோ என்று ஏறி இறங்க வேண்டும். ஏற்ற இறக்கம் உள்ள பதிவேடுதான் நேர்மையான பதிவேடு. காலை எடை போட்டுக் கொடுத்ததும் சமையல்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒரு பழக்கம் போதும்.

அதே ஜூன் மாதத்துக்கு 50 பேருக்கு 1,50,000 என்று கோருவதா, 1,438 நாளுக்கு 1,43,800 என்று கோருவதா? தங்கிய நாளுக்குத்தான் கோர வேண்டும். 6,200 ரூபாய் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஓராண்டு முழுக்க இப்படிக் கோரினால் அது எண்பிழை என்ற நிலையைத் தாண்டிப் பொய்க்கணக்கு என்ற பெயர் எடுக்கும். கறுப்புப் பட்டியலுக்கு அது போதும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குழந்தைகளை வைத்தும் எண்கள் பிசகும். விடுப்பு தருவது நலக்குழு. இல்லப் பொறுப்பாளர் இல்லை. வழக்கமாக, பயண நேரம் நீங்கலாக 7 நாள் வரை. ஆணை எண்ணைச் சேர்க்கை, விடுவிப்புப் பதிவேட்டில் எழுதி, வருகைப் பதிவேட்டில் விடுப்பு என்று குறித்து, அன்றே மிஷன் வத்சல்யா இணையதளத்திலும் மாற்றுங்கள். 'பொங்கல் முடிந்து மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம்' என்று விட்டால், ஜனவரி 15 அன்று திடீர் ஆய்வுக்கு வருகிறவர் தளத்தில் 48 பேரும் கூடத்தில் 9 பேரும் பார்ப்பார். எஞ்சிய 39 குழந்தைகள் எங்கே என்று அவர் கேட்கும்போது, 'ஊருக்குப் போயிருக்கிறார்கள்' என்பது பதிலாகாது.

ஆய்வுகள் பல. நலக்குழு மாதத்துக்கு இரண்டு ஆய்வாவது செய்ய வேண்டும். 54ஆவது பிரிவின் ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது வரும். குறைந்தது மூவர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர். வருகிறவர்கள் பெரும்பாலும் குழந்தையின் தனிக்கோப்பை எடுத்துப் பார்ப்பார்கள்: நலக்குழு ஆணை, சமூக விசாரணை அறிக்கை, தனிநபர் பராமரிப்புத் திட்டம் (மாதிரி விதிகளில் படிவம் 7), மருத்துவக் கோப்பு. பராமரிப்புத் திட்டம் 50 கோப்பிலும் ஒரே வாசகத்தில், 'நன்றாகப் படிக்க ஊக்கப்படுத்தப்படும்' என்று இருந்தால் அது நகலெடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். படுக்கையை நனைக்கும் பையனுக்கும் கணக்கில் தேறாத பையனுக்கும் ஒரே திட்டம் இருக்க முடியாது.

நிர்வாகக் குழு என்ற சொல்லிலும் வழுக்குவார்கள். சட்டம் சொல்லும் நிர்வாகக் குழு உங்கள் அறங்காவலர் குழு இல்லை. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் தலைவர், இல்லப் பொறுப்பாளர் உறுப்பினர் செயலர். மருத்துவர், ஆலோசகர், குழந்தைகளின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். மாதம் ஒருமுறை கூட வேண்டும். புகார்ப் பெட்டியின் சாவி அந்தக் குழுவின் தலைவரிடம் இருக்க வேண்டும். பொறுப்பாளரின் மேசை டிராயரில் சாவி கிடந்தால், அந்தப் பெட்டியில் எந்தக் குழந்தை எதைப் போடும்?

பணியாளர் விஷயம் சுருக்கமாக. காவலாளி முதல் ஆலோசகர் வரை எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். வார இறுதியில் ஆங்கிலம் சொல்லித்தரும் தன்னார்வலருக்கும் வேண்டும். 10 பேர் வேலை செய்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் உள்ளகக் குழுவும், 20 பேர் என்றால் வருங்கால வைப்பு நிதியும் உண்டு. இல்லத்தில் குழந்தையை அடித்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆவது பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறை, வேலையும் போகும். கொடுமை என்ற அளவுக்குப் போனால் 75ஆவது பிரிவில் இல்ல ஊழியருக்கு 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். ஊழியர் செய்த பாலியல் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு போக்சோவில் ஓராண்டு வரை சிறை. 'முதலில் உள்ளுக்குள் விசாரித்துவிட்டு, பிறகு போலீசுக்குச் சொல்லலாம்' என்ற பேச்சே எழக் கூடாது.

நன்கொடையாளர்கள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் படம் எடுப்பதையும் இன்றே நிறுத்துங்கள். குழந்தையின் முகம், பெயர், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். முகநூலில் ஏற்றுவது அவர் கைபேசியிலிருந்து என்றாலும், ஆய்வுக் குறிப்பு உங்கள் இல்லத்தின் பெயரில்தான் எழுதப்படும்.

ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் தணிக்கை செய்த கணக்கோடு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பொது நிதி விதிகள் நிதியாண்டு முடிந்து 12 மாதம் அவகாசம் தருகின்றன. ஆனால் உங்கள் ஒப்புதல் ஆணையில் அதைவிடக் குறுகிய கெடு இருந்தால் அதுதான் கணக்கு, அடுத்த தவணையும் அதைப் பொறுத்ததே. சான்றிதழ் தொகையும் தணிக்கைக் கணக்கின் தொகையும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்த வேண்டும். மார்ச் 31க்குள் கொடுத்து முடிக்காத சம்பளத்தைச் செலவாக எழுதுவது இரண்டும் பொருந்தாமல் போக வழக்கமான காரணம். ஆண்டு மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமலும், மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே உங்கள் கணக்கைப் பார்க்கலாம். 50 குழந்தைக்குப் பராமரிப்பு மட்டுமே ஆண்டுக்கு 18 லட்சம்; ஊதியமும் சேர்ந்தால் அந்த வரம்பு தொலைவில் இல்லை. கணிசமாக அரசுப் பணத்தில் நடக்கும் தொண்டு நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே மனு வந்தால் 'நாங்கள் தனியார்' என்று திருப்பியனுப்ப வேண்டாம். குழந்தைகளின் அடையாளம் தவிரக் கணக்கைக் காட்டத் தயாராக இருங்கள்.

ஒருவேளை நடத்த முடியாமல் மூட நேர்ந்தால்? குழந்தைகளைப் பெற்றோரை வரவழைத்து அனுப்பிவைக்கவோ, பக்கத்து இல்லத்துக்கு வேனில் ஏற்றிவிடவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. நலக்குழுவுக்கும் மாவட்ட அலகுக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி மாற்றல் ஆணை வாங்கி, கோப்பையும் குழந்தையோடு அனுப்ப வேண்டும். மானியத்தில் வாங்கிய கட்டில், பீரோ, தண்ணீர் சுத்திகரிப்பான் எதையும் அனுமதியின்றி விற்கக் கூடாது; அதற்காகத்தான் தொடக்கத்திலிருந்தே மானியச் சொத்துக்குத் தனிப் பதிவேடு வைத்து, கட்டில் காலில்கூடப் பெயின்டால் எண் எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.